பொய்யன் சொன்ன தாமதம்

எரிமலையைச் சுற்றிப் புதைத்து வைத்திருந்த நில அதிர்வுக் கருவிகளில் மேற்குச் சரிவில் இருந்த ஒன்றுக்கு மட்டும்தான் பட்டப்பெயர் உண்டு. பொய்யன். மற்றவற்றுக்கெல்லாம் வெறும் எண்கள். இரண்டு வருடங்களுக்கு முன் அது சொன்னதை நம்பி மேற்குச் சரிவு ஊரை முழுதாகக் காலி செய்தார்கள். மலை வெடிக்கவில்லை. அப்போது வைத்த பெயர். ஆய்வகச் சுவர்களைத் தாண்டி அந்தப் பெயர் வெளியே போகக் கூடாது என்று இயக்குநர் சொல்லி வைத்திருந்தார்.

ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஆய்வகத்தில் மலையின் வயிற்றைப் படமாக வரைந்து காட்டியவளுக்குத் தங்கள் பங்குக்கு ஒரு பெயர் வைத்தார்கள். படக்காரி. பேர் வைத்தவர்களில் அவளுடைய சொந்த அக்காவும் ஒருத்தி. அக்காவின் கோழிப் பண்ணை அந்த ஊரின் மேல் முனையில், பொய்யன் புதைந்திருந்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

எரிமலைக்குள் எட்டிப் பார்க்க வழி கிடையாது. பானை வாங்குகிறவர் விரலால் சுண்டிப் பார்ப்பதுபோலத் தட்டித்தான் பார்க்க வேண்டும். மலையை யார் தட்டுவது? பூமியே தட்டும். எங்கோ ஆழத்தில் ஒரு சின்ன அதிர்வு ஏற்பட்டால் அதன் அலைகள் மலையைக் குறுக்காகக் கடந்து ஒவ்வொரு கருவிக்கும் வந்து சேரும். ஆறி இறுகிய பாறையில் அலை விரைந்து ஓடும். சூடேறி உருகத் தொடங்கிய பாறையில், சேற்றில் கால் புதைந்தவனைப்போலத் தடுமாறித் தாமதமாக வரும். தாமதம் என்றால் கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு சிறு துண்டு. அது போதும்.

ஆய்வகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படக்காரி இதைப் பேருந்தை வைத்து விளக்குவாள். ஒரு நகரத்தில் எந்தத் தெருவில் நெரிசல் என்று தெரியவில்லை. ஆனால் எந்தப் பேருந்து எந்தப் பணிமனைக்கு எவ்வளவு தாமதமாக வந்தது என்பது மட்டும் தெரியும். தாமதமாக வந்தவை எல்லாம் ஒரே தெருவைக் கடந்து வந்திருக்கின்றன என்றால் நெரிசல் அந்தத் தெருவில்தானே? அதேபோல, தாமதமான அலைகளின் பாதைகள் எங்கே ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றனவோ அந்த இடத்தைக் கணினி சிவப்பாகத் தீட்டும். விரைந்து வந்த இடம் நீலம். ஆயிரக்கணக்கான பாதைகள் சேர்ந்தால் மலையின் உட்புறம் ஒரு படமாக எழும்பி வரும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அவளுக்கும் அந்த நேரத்தில் வயது குறைந்துவிடும்.

இதில் ஒரே ஒரு வில்லங்கம். பணிமனைக் காவலாளியின் கைக்கடிகாரம் முந்தி ஓடினால்? அவரிடம் வரும் பேருந்து எல்லாமே தாமதமாக வந்ததாகத்தான் அவர் சொல்வார். நெரிசல் அவர் வாசலிலேயே இருப்பதாகத் தோன்றும். அங்கே போய்ப் பார்த்தால் தெரு வெறிச்சோடிக் கிடக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது அதுதான். ஒவ்வொரு கருவியும் செயற்கைக்கோளிடமிருந்து நேரம் கேட்டுக்கொள்ளும். அதற்கு உள்ளங்கை அளவில் ஒரு ஆன்டெனா உண்டு. உச்சியிலிருந்து அவ்வப்போது புகையோடு இறங்கும் சாம்பல், மழையில் நனைந்து, பொய்யனின் ஆன்டெனாமேல் அப்பிக் காய்ந்துவிட்டது. செயற்கைக்கோளின் குரல் கேட்காத கருவி தன் சொந்தக் கடிகாரத்தை நம்பி ஓடியது. கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக முந்தியது. படத்தில் மேற்குச் சரிவின் அடியில் சிவப்பு பரவியது.

ஊரைக் காலி செய்தார்கள். சாலையில் காவல் போட்டார்கள். கூண்டில் தண்ணீரில்லாமல் கிடந்த கோழிகளை நினைத்து அக்காவின் கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காவலுக்குத் தெரியாமல் ஓடை வழியாக மோட்டார் சைக்கிளில் மேலே போனார். மறுநாள் ஓடைக்குள் அவரைக் கண்டெடுத்தார்கள். வண்டி அவர்மேல் கிடந்தது.

மலை அமைதியாகவே இருந்தது. கருவிகளைப் பராமரிக்கும் மெக்கானிக் மேலே போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது இயக்குநர் அதை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். பிறகு பத்திரிகைகளுக்கு ஒரு அறிக்கை போனது. பாறைக்குழம்பு மேலெழுந்து வந்து, பாதி வழியில் நின்றுவிட்டதாம். மலைகள் அப்படிச் செய்வதும் உண்டு, யாரும் சந்தேகப்படவில்லை. சாவு வீட்டில் அக்கா ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “குழம்பு கால்மாட்டுக்கே வந்திருக்கு. அது தெரிஞ்சும் போனாரு, மனுசன்.” படக்காரி பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அதன்பின் அவள் செய்த காரியம் ஒன்று. பொய்யனுக்கு அலைகள் தாமதமாக வந்தால் அதைக் கடிகாரக் குற்றமாகவே எடுத்துக்கொண்டு, தாமதத்தை மொத்தமாகக் கழித்துவிடும்படி ஒரு கணினி நிரல் எழுதினாள். இந்தத் தொழிலில் அது புதிதல்ல. நம்ப முடியாத கருவிக்குத் திருத்தம் போடுவது எல்லாரும் செய்வதுதான். மெக்கானிக் கடிகாரத்தையே மாற்றிப் புதியது பொருத்திய பிறகும் அவள் அந்தத் திருத்தத்தை எடுக்கவில்லை. கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்றிருப்பாள். உண்மையில் மேற்குச் சரிவு இன்னொரு முறை சிவப்பதைப் பார்க்க அவளுக்குத் திராணியில்லை. இரண்டு வருடமாக அந்த மூலை இளநீலமாக, சமர்த்தாக இருந்தது.

இந்த வருடம் ஆய்வகத்துக்குப் பெரிய சேமிப்புக் கணினி வந்தது. அதனால் ஒரு புது முறையைச் சோதித்துப் பார்க்க முடிந்தது. அதிர்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடல் ஓயாமல் கரையில் மோதுவதால் நிலம் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும்; கேட்டால் வெறும் இரைச்சல். ஆனால் இரண்டு கருவிகளின் பல மாத இரைச்சலை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போன அலை மட்டும் தெளிந்து மேலே வரும். போன அலை மட்டுமல்ல. திரும்பி வந்த அலையும்.

இந்தத் திரும்பி வருவதில்தான் விஷயம் இருக்கிறது. காவலாளியின் கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று வையுங்கள். அவரிடம் வரும் பேருந்து தாமதம் என்று காட்டும். ஆனால் அவரிடமிருந்து கிளம்பிப் போகும் பேருந்தோ, அவர் கடிகாரப்படி இன்னும் பிந்திக் கிளம்பியதாகக் கணக்காகி, போய்ச் சேருமிடத்தில் அதே அளவு சீக்கிரம் வந்ததாகக் காட்டும். ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறையும். தெருவே அடைத்திருந்தால் அப்படி ஆகாது. போகிறதும் தாமதம், வருகிறதும் தாமதம்.

பொய்யனின் மானத்தை மீட்டுக் கொடுக்கலாம் என்று விளையாட்டாகத்தான் அந்தச் சோதனையைப் போட்டாள். காலை வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. திரையில் இரண்டு கோடுகள் வந்தன. போனது தாமதம். வந்தது தாமதம். மாதாமாதம் இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருந்தன.

கடிகாரம் தப்பில்லை; வழியில் பாறைதான் உருகிக்கொண்டிருந்தது. திருத்தத்தை எடுத்துவிட்டுப் பழைய படத்தை மறுபடி வரைய விட்டாள். அது முடியும்வரை எழுந்து நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மேற்குச் சரிவு, அக்காவின் பண்ணைக்கு நேர் கீழே, காயம்பட்ட சதையைப்போலச் சிவந்து வந்தது. இரண்டு வருடமாக மலை சொன்னதையெல்லாம் அவள் எழுதிய நிரல் ஒன்றுவிடாமல் விழுங்கியிருந்தது.

*

இயக்குநர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இன்னொரு தடவை மேற்குச் சரிவைக் காலி பண்ணுன்னு சொன்னா, கல்லெடுத்து அடிப்பாங்கம்மா.”

“அடிக்கட்டும் சார். கீழ இருந்து அடிக்கட்டும்.”

“இது எத்தனை நாள்ல வெளிய வரும்?”

“தெரியாது. நாளைக்கும் வரலாம், அடுத்த வருஷமும் வரலாம். படம் எங்கேன்னுதான் சொல்லும். எப்பன்னு சொல்லாது.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.” அவர் தொலைபேசியை எடுத்து அரசு நிர்வாகத்திடம் பேசினார். நெடுநேரம் பேசினார், கெஞ்சவும் செய்தார், அதை மறுக்க முடியாது. வைத்துவிட்டுச் சொன்னார். “விருப்பமுள்ளவங்க வெளியேறலாம்னு அறிவிப்புக் குடுக்கறாங்களாம். கட்டாயம் கிடையாது. போன தடவை பட்டதே போதுங்கறாங்க.”

“விருப்பமுள்ளவங்க யாரு சார் அங்க? ஒரு கோழிகூடக் கிளம்பாது.”

“வேற என்ன செய்யச் சொல்றே?”

“போன தடவை ஏன் தப்பாச்சுன்னு சொல்லிடலாம். அதைச் சொன்னாத்தான் இந்தத் தடவை ஏன் தப்பில்லைன்னு புரியும்.”

இயக்குநர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். “ஆன்டெனாவைத் துடைக்காததால ஒரு மனுஷன் செத்தான்னு சொல்லப் போறியா? யாருகிட்ட? உங்க அக்காகிட்டயா?”

அவள் எழுந்தாள்.

“பழசைக் கிளறாதேம்மா. உத்தரவாச் சொல்லல. கேட்டுக்கறேன்.”

*

மெக்கானிக்கை எல்லாரும் கம்பி என்பார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. ஜீப்பை அவர்தான் ஓட்டினார். வளைவுக்கு வளைவு மலையின் தோள் கிட்டே வந்துகொண்டிருந்தது. புகை வழக்கம்போல உச்சியில்தான்; மேற்குச் சரிவு பச்சையாக, ஒன்றும் அறியாததுபோல இருந்தது.

“சொல்லிடப் போறீங்களா?” என்றார் கம்பி.

“சொல்லாம முடியுமா பாருங்க.”

“மாசத்துக்கு ஒருதரம் மேலே போய்த் துடைக்கணும். அந்த மாசம் ஜீப் ஒர்க்‌ஷாப்ல கிடந்துச்சு. நடந்து போயிருக்கலாம். மழையா இருக்கேன்னு விட்டுட்டேன்.” சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என் பேரையும் சேர்த்தே சொல்லுங்க.”

பண்ணை வாசலில் அக்கா முட்டைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது மகள் உள்ளே எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் அக்கா கையைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“வா படக்காரி. இந்தத் தடவை என்ன கலர்?”

“சிவப்புதான் அக்கா.”

“போன தடவையும் சிவப்புதானே? வேற கலரே வாங்க மாட்டாங்களா உங்க ஆபீஸ்ல?” மகளைப் பார்த்துத் திரும்பினாள். “சித்திக்கு உட்கார ஏதாச்சும் போடுடி. நின்னுக்கிட்டே பயமுறுத்தினா கால் வலிக்கும்.”

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டாள். படக்காரி உட்காரவில்லை.

“அக்கா, விளையாட்டில்லை. நீயும் இவளும் இன்னைக்கே கீழே வந்துடுங்க. என் வீட்டுல இருங்க. இல்லன்னா எங்கே வேணாலும்.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியாது.”

“கோழிக்குத் தண்ணி யார் காட்டுவா? உங்க மாமாதான் இல்லையே, ஓடை வழியா வர்றதுக்கு.”

அது எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. அக்கா அதைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

“பாரு. அன்னைக்குக் குழம்பு வந்துச்சு, நின்னுச்சு. இவரு போனது வீணாப் போகலைன்னு நான் ஒரு மாதிரி மனசைத் தேத்திக்கிட்டேன். மலையே அவரைப் பார்த்துட்டு நின்னுருச்சுன்னு இவகிட்டக்கூடச் சொல்லுவேன். பைத்தியக்காரத்தனம்தான். இருந்துட்டுப் போகட்டும். அன்னைக்கு நின்ன மலை இன்னைக்கும் நிக்கும். நீ கிளம்பு.”

“அன்னைக்குக் குழம்பு வரலை அக்கா.”

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். “என்ன?”

“வரவே இல்லை. நிக்கவும் இல்லை. கருவியோட கடிகாரம் தப்பு. ஆன்டெனாமேல சாம்பல் படிஞ்சிருந்துச்சு. அதை யாரும் துடைக்கலை. நேரம் தப்பாப் போச்சு, நான் வரைஞ்ச படமும் தப்பாப் போச்சு. பேப்பர்ல வந்தது பூசி மெழுகினது. எனக்குத் தெரியும். சாவு வீட்டுல உன் பக்கத்துல உட்கார்ந்திருந்தப்பவே தெரியும்.”

 கம்பி ஜீப்பிலிருந்து இறங்கி வந்து நாலடி தள்ளி நின்றார். “துடைக்க வேண்டியவன் நான்தாங்க,” என்றார். அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?” என்றாள்.

“அக்கா...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“ஈரத்துணி இருந்தா, ஒரு நிமிஷம்.”

அக்கா தலையை ஆட்டினாள், கடையில் விலை கேட்டுக்கொண்டதைப்போல. மகள் அழ ஆரம்பித்திருந்தாள். அக்கா அழவில்லை. முகம் மட்டும் யாருடையதோபோல ஆகியிருந்தது.

“அப்ப இன்னைக்கு மட்டும் கடிகாரம் சரின்னு எப்படித் தெரியும்? இன்னைக்கும் சாம்பல் இருக்கும்.”

இரண்டு வருடத்தில் அக்கா அவளிடம் படத்தைப் பற்றிக் கேட்ட முதல் நேரான கேள்வி அது. படக்காரி முழங்காலிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு முட்டைத் தட்டுகளை எதிரெதிராக வைத்து, பேருந்தையும் காவலாளியையும் சொன்னாள். போவதையும் வருவதையும் சொன்னாள். கடிகாரம் தப்பென்றால் ஒன்று கூடி ஒன்று குறையும், தெரு அடைத்திருந்தால்தான் இரண்டும் கூடும் என்பதை விரலால் மண்ணில் கோடிழுத்துக் காட்டினாள்.  

அக்கா கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ரெண்டுமே கூடியிருக்கா?”

“ரெண்டுமே.”

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷத்துக்கு மேல. இன்னைக்குத்தான் பார்த்தேன். உன் பக்கம் சிவக்கக் கூடாதுன்னு நானே மறைச்சு வைச்சிருந்தேன். வேணும்னு இல்லை. ஆனா நான்தான்.”

அக்கா எழுந்தாள். கொட்டகையின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து விட்டாள். கோழிகள் உடனே வெளியே வரவில்லை. வாசலில் நின்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன. “துணிமணியை எடுடி,” என்று மகளிடம் சொன்னாள். பிறகு தெருவில் இறங்கி நடந்தாள்.

படக்காரி பின்னாலேயே போனாள். அக்கா முதல் வீட்டின் கதவைத் தட்டினாள். தையல் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். படக்காரியைப் பார்த்ததும், “வந்துட்டாய்யா! மறுபடியுமா?” என்றார்.

“மறுபடியும்தான். கிளம்புங்க,” என்றாள் அக்கா.

“நீயாம்மா சொல்றே? இவ பேச்சைக் கேட்டு நீ பட்டது பத்தாதா?”

“பட்டவதான் சொல்றேன். போன தடவை இவங்க பொய் சொன்னாங்க. என் வீட்டுக்காரரு ஒண்ணுமில்லாததுக்குச் செத்தாரு. இப்பத்தான் இவ வாயாலயே கேட்டேன். இந்தத் தடவை பொய் இல்லை.”

“எப்படித் தெரியும்?”

“பொய் சொல்றவ இதை எங்கிட்ட வந்து சொல்ல மாட்டா.”

அடுத்த வீட்டிலும் இதையே சொன்னாள். அதற்கடுத்த வீட்டிலும். ஒவ்வொரு வாசலிலும் ‘ஒண்ணுமில்லாததுக்குச் செத்தாரு’ என்பதை விடாமல் சொன்னாள். படக்காரி ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டாள். திட்டினார்கள். பேக்கரிக்காரர் காறித் துப்பினார். துப்பிவிட்டு உள்ளே போய்ப் பெட்டி கட்டத் தொடங்கினார். ரேடியோவில் வந்த விருப்ப அறிவிப்புக்கு அசையாத ஊர், மதியத்துக்குள் லாரிகளிலும் வண்டிகளிலும் இறங்க ஆரம்பித்தது. ஊர்க்கோடியில் இருந்த கிழத் தம்பதி மட்டும் வர மறுத்துவிட்டார்கள். கம்பி இரண்டு முறை போய்ப் பேசிப் பார்த்தார். இந்தப் படத்துக்கெல்லாம் ஓட எங்களுக்குக் கால் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

*

மலை உடனே வெடிக்கவில்லை. ஊர் முகாமில் கிடந்தது. ஒரு வாரம் ஆனது, பிறகு இன்னொரு வாரம். பள்ளிக்கூட வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஆய்வகத்தில் படக்காரி நாள்தோறும் மேற்குச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பகலில், வெடித்துவிடேன் என்று தன் உதடுகள் முனகியதைத் தானே கேட்டாள். பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கிழத் தம்பதி இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

மூன்றாம் வாரத்தில் சரிவு பிளந்தது. உச்சியில் அல்ல, படம் சிவந்திருந்த இடத்தில். முதலில் நிலத்தில் ஒரு நீளமான பிளவு. அதிலிருந்து வெள்ளைப் புகை. பிறகு கறுப்பாக. சாயங்காலத்துக்குள் மேல் தெருவும் பண்ணையும் குழம்புக்கடியில் போய்விட்டன. பொய்யன் கடைசிவரை ஒழுங்காக நேரம் சொல்லிக்கொண்டிருந்து, அப்புறம் நின்றது. ஊர்க்கோடி வீடு இருந்த திசையில் பார்க்க ஒன்றுமில்லை.

நிர்வாகத்திலிருந்து பாராட்டி யாரோ பேசினார்கள். இயக்குநர் தொலைபேசியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கம்பியோடு முகாமுக்குப் போனாள்.

பள்ளிக்கூட வராந்தாவில் ஆட்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். பேக்கரிக்காரர் எழுந்து நின்று கைகூப்பினார். அவளால் அதைத் தாங்க முடியவில்லை, வேகமாக நடந்தாள். கடைசி வகுப்பறை வாசலில் அக்கா மகள் நின்றிருந்தாள்.

“அம்மா எப்படியிருக்கா?”

“இருக்காங்க.” அவள் வாசலை மறைத்தாற்போல நகர்ந்து நின்றாள். “அம்மா தூங்குறாங்க சித்தி.”

அவள் தோளுக்கு மேலே உள்ளே தெரிந்தது. அக்கா சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி, ஜன்னல் வழியாகப் புகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சுச் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினாள். தங்கையை நேராகப் பார்த்தாள். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. எதுவுமே இருப்பதாகத் தெரியவில்லை. பார்த்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சரி,” என்றாள் படக்காரி. “எழுந்ததும் நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு.”

“சொல்றேன் சித்தி.”

தெற்குப் பக்கக் கருவிகளுக்கு அலைகள் தாமதமாக வர ஆரம்பித்திருப்பதாக ஆய்வகத்திலிருந்து கம்பிக்கு அழைப்பு வந்தது. அவர் ஜீப்பைக் கிளப்பி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் ஏறிக்கொண்டாள்.